பிளினியோட ‘இயற்கை வரலாறு’ சுருக்கப் பதிப்பு: வாங்கலாம், ஒரு குறை இருக்கு

ராம்நாட்ல ஒரு பழைய புத்தகக் கடையில 180 ரூபாய்க்கு வாங்குனேன். ரோமாபுரி மூத்த பிளினி எழுதுனது, லத்தீன்ல 37 பாகம், கி.பி. 77 வாக்குல, பின்னால ரோமாபுரிப் பேரரசரான டைட்டஸுக்குக் காணிக்கையா குடுத்தாரு, அதோட இங்கிலீஷ் சுருக்கம் இது.

நமக்கு ஊரு அழகன்குளம். தொல்லியல் துறை தோண்டுனப்ப ரோமக் காசும் கப்பல் படம் கீறுன பானை ஓடும் கிடைச்ச ஊரு, அதனால ரோமாபுரிக் கதை சின்ன வயசுலயே பழக்கம், ஆனா அந்தப் பக்கத்து ஆளு எழுதுனத இப்பதான் படிக்கிறேன். ஆறாம் பாகத்துல பாண்டியன் பேரு வருது, மதுரைய ‘மொதுரா’ன்னு எழுதிருக்காரு, அந்தப் பக்கத்த விட்டு நகரவே முடியல. வருஷா வருஷம் 5 கோடி செஸ்டெர்ஸ் (ரோமக் காசு) இந்தியாவுக்குப் போயிருது, அங்கருந்து வர்ற சரக்கு இங்க நூறு மடங்கு வெலைக்கு விக்கிதுன்னு அப்படி ஒரு வயித்தெரிச்சல்!

ஒன்பதாம் பாகத்துல முத்து. சிப்பிக்குள்ள பனி எறங்கித்தான் முத்து உண்டாகுது, பனி தெளிவா இருந்தா முத்து பளிச்சுன்னு இருக்கும், கலங்கலா இருந்தா மங்கிரும்ங்கிறாரு. சங்கு குளிக்கப் போன எங்க தாத்தா சுவாதி மழைத்துளி சிப்பியில விழுந்தா முத்துன்னு சொல்லுவாரு. ரெண்டும் உண்மையில்லதான், ஆனா ரோமாபுரியிலயும் நம்ம கரையிலயும் கிட்டத்தட்ட ஒரே கதை ஓடிருக்கு பாருங்க, எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு.

பிளினிட்ட எனக்குப் புடிச்சது, எந்தெந்த ஆசிரியர்ட்டருந்து எடுத்தேன்னு முதல் பாகத்துலயே பேரு பேரா பட்டியல் போட்டது. 1469-லயே வெனிஸ்ல அச்சாகி அதுக்கப்புறமும் பல நூறு வருஷம் படிச்சிருக்காங்க. கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப ஆளுகளக் காப்பாத்த கப்பல்ல போயி அங்கயே செத்துட்டாரு, அத அவரு கூடப்பொறந்தவ மகன், வரலாறு எழுதுற டாசிட்டஸுக்கு லெட்டரா எழுதுனாரு, இன்னைக்கும் அந்த மாதிரி எரிமலை வெடிப்புக்கு ‘பிளினியன்’னுதான் பேரு.

குறை என்னன்னா, 12-ம் பாகத்து மிளகு வெலையவே வெட்டிட்டாங்க. கறுப்பு மிளகு ஒரு பவுண்டு 4 டெனாரியஸ்ங்கிறத (அது ரோம வெள்ளிக் காசு) நெட்ல முழு மொழிபெயர்ப்பு தேடித்தான் பாத்தேன், நம்ம ஆளுக்கு அதுதானய்யா முக்கியம்! எழுத்தும் பொடிசு, உப்புக்காத்துக்கு ரெண்டே மாசத்துல பைண்டிங் கழண்டுருச்சு.

அஞ்சுக்கு நாலு. மொத்தமா படிக்க நேரமில்லன்னா ஒன்பதாம் பாகத்துலருந்து ஆரம்பிங்க. போன வாரம் கடையில இன்னொரு காப்பி கெடந்துச்சு.