அக்கார்டு வி6: வடசென்னைத் தெருவுக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கும் ஒரே வண்டி

லெக்சஸ் இந்தியாவுக்கு வந்தது 2017-ல். அதற்கு முன்பு வேகமான ஜப்பானிய சொகுசு செடான் தேடிய பலருக்கு ஆறு சிலிண்டர் கொண்ட ஹோண்டா அக்கார்டு வி6-தான் விடை. 2008-க்குப் பிறகு இங்கே விற்ற எட்டாம் தலைமுறையைச் சொல்கிறேன்: 3,471 சிசி, 275 குதிரைத்திறன், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், சஸ்பென்ஷன் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்ட்டி லிங்க். அமெரிக்காவில் இதே அடித்தளத்தில் அக்யூரா டிஎல் என்ற பெயரில் ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் செடானே விற்றார்கள். பழைய வண்டிச் சந்தையில் இன்றைக்கும் கிடைக்கிறது. வாங்கியவர்கள் பலர் அடுத்த மாதமே கேட்பது, "இதில் என்ன பண்ணலாம்?" என்பதுதான்.

பண்ணலாம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று வழிகள் பிரிகின்றன. கடைக்காரர் காட்டும் வழி பெரும்பாலும் விலை கூடியது. என் அளவுகோல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக்கில் ஓடிய வண்டி, மாதவரம் பைபாஸ் வழியாகத் தன் சக்கரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எந்தக் குறையும் இல்லாமல் வேலைக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பயணம் இவ்வளவு நீளம் கிடையாது. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸின் ரேஸ்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் திறந்த பிறகு நமக்குத்தான் தூரம் கூடிவிட்டது.

எதையும் மாற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த இஞ்சினில் வால்வுகளை இயக்குவது செயின் அல்ல, டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், இஞ்சினைத் தாங்கும் மவுன்ட் இரண்டையும் பாருங்கள். செத்த புஷ் மேல் எவ்வளவு விலையுயர்ந்த சஸ்பென்ஷன் போட்டாலும் பணம் வீண்.

இறக்குவதா, இறுக்குவதா?

வண்டியின் உயரத்தை இறக்குவதா, சஸ்பென்ஷனை இறுக்குவதா என்பது அதிகம் பேர் தடுமாறும் இடம். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஸ்பிரிங்கை வெட்டுவது. இதைப் பற்றிக் கேட்டால் கொளத்தூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் சொல்லும் பதில் போதும்: "பார்க்க சூப்பரா இருக்கும்ணா. ஆனா மேட்டுல ஏறினா ஸ்பிரிங் இடம் மாறி உட்காரும். நான் செய்ய மாட்டேன்." நானும் அதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, கம்பெனி ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்து, குட்டை ஸ்பிரிங் மட்டும் போடுவது. செலவு குறைவு என்பதால் நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஷாக் எந்த ஸ்பிரிங்குக்காக அளவு வைத்துச் செய்யப்பட்டதோ அது இப்போது இல்லை. ஸ்பிரிங் கடினமாகிவிட்டது, அதைத் தடுத்துப் பிடிக்கும் பலம் ஷாக்குக்கு இல்லை. மேலும் வண்டி இறங்கிய அளவுக்கு ஷாக்கின் ஓட்டமும் குறைந்துவிடும். மணலி விரைவுச் சாலையில் லாரிச் சக்கரங்கள் பள்ளமாக்கிய தார்ப்பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஷாக்கின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். ட்ராக்கில் இன்னும் மோசம். வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் அந்தச் சக்கரத்தின் பிடி திடீரென்று போகும்.

மூன்றாவது, ஒரே கம்பெனி ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்த ஷாக்கும் ஸ்பிரிங்கும். உயரம் 15 அல்லது 20 மில்லிமீட்டர்தான் குறையும். நான்காவது காயில்ஓவர், அதாவது திருகு மரை வைத்த ஷாக்-ஸ்பிரிங் செட்: உயரம், டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் அளவு) இரண்டையும் நாமே திருகி மாற்றலாம்.

ட்ராக் மட்டும் என்றால் காயில்ஓவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்தத் திருகு மரைகள்தான் முதல் பலி. உப்பும் தூசியும் சேர்ந்து வளையம் இறுகிக்கொண்டால், உயரம் மாற்றலாம் என்று கொடுத்த கூடுதல் பணத்துக்குப் பயனே இல்லை. ஷாக்கை வண்டியோடு இணைக்கும் மேல் மவுன்ட்டில் ரப்பருக்குப் பதில் உலோக மூட்டு வைத்த மாடல்கள் கொஞ்ச நாளிலேயே சத்தம் போட ஆரம்பிக்கும். அதனால் என் தேர்வு மூன்றாவது வழி.

"இறக்கினால்தானே வளைவில் நிற்கும்?" என்று கேட்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செடானின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிமீட்டர் இறக்கினால், வளைவில் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் குறையும். அதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி உள்தெருக்களில் இருப்பது சுவர் மாதிரி. 2.8 மீட்டர் வீல்பேஸ் உள்ள இந்த வண்டியில் முன் சக்கரம் இறங்கியதும் நடு வயிறுதான் தட்டும்.

இறுக்குவதுதான் லாபம். இஞ்சினும் கியர்பாக்ஸும் முன் சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி இது. வளைவில் மூக்கு வெளியே தள்ளும். இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரைப் பின்பக்கம் தடிமனாகப் போட்டால் அந்தத் தள்ளல் குறையும், உயரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. முன்னால் பானட்டுக்குள் பளபளவென்று போடும் ஸ்ட்ரட் பாரையும் இதையும் ஒப்பிட்டால், ஸ்டீயரிங்கில் கை வைத்தவுடன் வித்தியாசம் தெரிவது பின் பாரில்தான். அப்புறம் நல்ல அலைன்மென்ட். முன்னால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) ஒன்றரை டிகிரி, டோ (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்புவது) பூஜ்ஜியம். அதற்கு மேல் போனால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

பெரிய பிரேக்கா, நல்ல பேடா?

இந்த வண்டியின் உண்மையான பலவீனம் பவர் அல்ல, வெப்பம். சுமார் 1,600 கிலோ எடை 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டுக்கும்தான் போகிறது. அடுத்த நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மறுபடியும் அதே வெப்பம்.

பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சேர்ந்த பிக் பிரேக் கிட் இதைத் தாங்கும். பெரிய டிஸ்க்கில் உலோகம் அதிகம், அதனால் சூடு மெதுவாக ஏறும். ஆனால் கூடவே வருபவற்றையும் பார்க்க வேண்டும். பெரிய காலிப்பருக்குப் பெரும்பாலும் 18 அங்குல அலாய் தேவை. பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் ஆழமாகப் போகும், முன்பின் சமநிலை மாறும். பேடு தீர்ந்தால் உள்ளூரில் அதே அளவு கிடைக்குமா என்பது தனிக் கவலை. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அக்கார்டு காலிப்பரே தேடினால் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது.

மறுபக்கம் மலிவான வழி: நல்ல பேடு, புது ஆயில். சாதாரண டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கலாம், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே. டாட் 4-க்குக் குறைந்தபட்ச அளவு 230, 155. ட்ராக்குக்கென்று வரும் டாட் 4 ஆயில்கள் 300-ஐத் தாண்டும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது வேகமாக நடக்கும் என்பதால், ட்ராக்குக்குப் போகிறவர் வருடம் ஒரு முறையாவது முழுக்க மாற்றியே ஆக வேண்டும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும். பெரிய காலிப்பர் போட்டுவிட்டுப் பழைய ஆயிலோடு ஓடுபவரும் அந்த ஆபத்திலிருந்து தப்ப முடியாது.

பேடில் முழு ரேஸ் வகையைத் தெருவுக்குப் போடவே கூடாது. அது சூடானால்தான் பிடிக்கும். திங்கட்கிழமை காலை வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் ஆட்டோ குறுக்கே வரும்போது பேடு குளிர்ந்துதான் இருக்கும். தெருவுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் உள்ள வகை, புது ஆயில், முன் டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்: இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சாதாரண ட்ராக் நாளைத் தாங்கும். நான்கைந்து சுற்று ஓடிவிட்டு ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்.

கியர்பாக்ஸுக்கும் இதே கதைதான். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் இஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் தொடர்ந்து சூட்டை உண்டாக்கும், கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். பெரிய ரேடியேட்டரா, தனி கியர் ஆயில் கூலரா என்றால் கூலர். பம்பருக்குப் பின்னால் வெளியே தெரியாமல் உட்காரும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இந்த வண்டியில் செய்யக்கூடிய மிக நல்ல செலவு அதுதான் என்பேன்.

டயர்

கம்பெனி அளவு 225/50 ஆர்17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 50 சதவீதம், சக்கரம் 17 அங்குலம்). பலரும் தாவுவது 245/40 ஆர்18-க்கு. மொத்த விட்டம் அரை சதவீதம்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அகலமான ரப்பர் ட்ராக்கில் நிச்சயம் நேரத்தைக் குறைக்கும். ஆனால் பக்கச்சுவர் 112 மில்லிமீட்டரிலிருந்து 98-க்கு வருகிறது. மழைக்குப் பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்கு அந்த 14 மில்லிமீட்டர் முக்கியம். நான் 17-லேயே நிற்பேன், அதில் கிடைக்கும் மிக நல்ல ரப்பரை வாங்குவேன். ட்ராக்குக்கென்றே வரும் அரை ஸ்லிக் டயர்கள் 2020-ல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு இங்கே கிடைப்பதே கஷ்டம். வடகிழக்குப் பருவமழையில் அவற்றின் ஆழமில்லாத பள்ளங்கள் தண்ணீரைத் தள்ளவும் மாட்டா.

பவர்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்த இஞ்சினில் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பு. அதனால் அதற்குப் பதில் ஹெட்டர் என்ற குழாய்களை மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பக்கப் புகையையும் சேர்க்கும் ஜே பைப் மாற்றினால் கொஞ்சம் பலன் உண்டு, சத்தம் கூடும். பம்பருக்குள் தாழ்வாக வாய் வைத்துக் காற்று இழுக்கும் கோல்டு ஏர் இன்டேக் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் மழை நாளில் போனவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி இன்டேக்கின் வாய் மேலே இருக்கிறது. சுத்தமான ஃபில்டர் போட்டு அதையே வைத்திருங்கள். 275 குதிரைத்திறன் முன் சக்கரங்களுக்கு ஏற்கெனவே அதிகம்.

ஆர்டிஓ

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. இது ஏதோ தொலைவில் இருக்கும் பயம் அல்ல. சொந்த வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த அக்கார்டுகளில் முதலில் வந்தவை அந்தக் கட்டத்தை எட்டிவிட்டன. ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் நாளில் பேடு, ஆயில், கூலர், ரோல் பார் ஆகியவை கண்ணை உறுத்துவதில்லை. வயிறு தரையில் உரசும் உயரமும் அலறும் சைலன்சரும் உறுத்தும். கழற்றிய கம்பெனி பாகங்களை எடைக்குப் போடாமல் வீட்டில் வைத்திருங்கள்.

கடைசியாக இன்னொரு வழியும் உண்டு: அக்கார்டைத் தொடாமல் விட்டுவிட்டு, ட்ராக்குக்கென்று ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்குவது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ்களில் பல வருடம் ஓடிய வண்டி அது. எடை 900 கிலோவுக்கு உள்ளே, சக்கரம் 13 அங்குலம். டயரும் பேடும் மலிவு, அக்கார்டு கொதிக்கும் இடத்தில் அது கொதிக்காது. சுற்று நேரத்தைக் குறைப்பதுதான் ஆசை என்றால் இதுவே நியாயமான தேர்வு, நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் ரேஸுக்கென்று உள்ளே எல்லாவற்றையும் உரித்துப்போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. மணலியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றிப் போய்வரும் வாடகையையும், நிறுத்த இன்னொரு இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.