அரை மாரத்தானா, முழு மாரத்தானா, பத்து கிலோமீட்டரா?

21.0975 கிலோமீட்டர். பெயரிலேயே 'அரை' ஒட்டிக்கொண்டதால், பலர் இதை மாரத்தானுக்கான ஒத்திகையாகவே நினைக்கிறார்கள். போட்டி என்று பார்த்தால் சாலை ஓட்டங்களில் இதுவே சிறந்தது என்பது என் கட்சி.

முதலில் வேகம். 2020இல் ஜோஷுவா செப்டேகெய் 10,000 மீட்டரை 26:11 நேரத்தில் முடித்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 37 விநாடி. 2024இல் வலென்சியாவில் யோமிஃப் கெஜெல்சா அரை மாரத்தானை 57:30இல் ஓடினார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2:43. 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2:00:35இல் முடித்தார், அது 2:51. ஒவ்வொரு படியிலும் தூரம் இரு மடங்காகிறது, வேகமோ ஆறேழு, எட்டு விநாடிதான் குறைகிறது. பத்து கிலோமீட்டரின் மூச்சுத் திணறலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்குவதுதான் அரை மாரத்தான். 2021இல் லெட்டசென்பெட் கிடே 10,000 மீட்டரிலும் அரை மாரத்தானிலும் (62:52) உலக சாதனை படைத்ததில் வியப்பில்லை.

மாரத்தானில் கணக்கே வேறு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து எரிபொருள் கடைசிவரை போதாது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கல்லாகின்றன. எதிரியை விட்டுவிட்டு நம் உடலோடு போராட வேண்டியதாகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு அரை மாரத்தானில் அந்தத் தட்டுப்பாடு பெரும்பாலும் வராது. அதனால் 15ஆவது கிலோமீட்டரில் ஒருவர் வேகத்தைக் கூட்டினால், மற்றவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இரண்டரை மணி நேரம் ஓடுபவருக்கு இந்தச் சாதகம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடல் தேறுவதிலும் வேறுபாடு பெரிது. முன்னணி வீரர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நாள் வெயில் கெடுத்தால் பல மாத உழைப்பும் போயிற்று. அரை மாரத்தானில் தோற்றவர் சில வாரங்களில் திரும்பி வரலாம்.

பத்து கிலோமீட்டர் கூர்மையானது, ஆனால் தொடக்கத்தில் பத்து விநாடி பின்தங்கினால் மீட்க இடமில்லை.

மாரத்தானுக்கு 1896 முதல் ஒலிம்பிக் பெருமை உண்டு; அரை மாரத்தானுக்கு அங்கே இடமே இல்லை. தனி உலகப் போட்டி 1992இல்தான் தொடங்கியது. இது எனக்கு உண்மையான மனக்குறை. 2010இல் லிஸ்பனில் 58:23 ஓடிய செர்செனாய் டடெசேயின் சாதனை எட்டு ஆண்டுகள் நிலைத்தது. அதே மனிதர் மாரத்தானில் அந்த உயரத்தை எட்டவேயில்லை. முழுதின் பாதிதான் இது என்றால், அவருக்கு அங்கேயும் வெற்றி கிடைத்திருக்க வேண்டுமே.