நர்சிங் முடிச்சிட்டு வெளிநாட்டுக்கு வெளிக்கிடுற பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கோ: என்ட 385,000 ரூபா போன கதை

கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. திருகோணமலை டவுனுக்குள்ள, மாடியில இருக்கிற ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சி. பேர் போடேல்ல, லோயர் இப்ப வேண்டாம் எண்டவர். 385,000 ரூபா குடுத்தன். ஒரு சதம் திரும்பி வரேல்ல.

டிகிரி முடிஞ்சுது, தாதியர் சபைப் பதிவும் எடுத்தாச்சு. அரச நியமனம் இப்ப வரும், பிறகு வரும் எண்டு இழுபடுது. கொழும்பில தனியாருக்குப் போனா முதல் சம்பளம் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்குமே சரி. அதாலதான் சவூதிக்குப் பாப்பம் எண்டு அந்தப் படி ஏறினது.

அங்க இருந்த அக்கா தானும் முந்தி நர்ஸ் எண்டவ. கனூலா போட வாலாயமோ, நைட் டியூட்டியில தனிய நிண்டிருக்கிறீங்களோ எண்டு வார்ட் கதையாவே கதைச்சவ. அம்மாவுக்குப் பிளேன்டீ ஊத்திக் குடுத்து, "உங்கட மகள் எனக்குத் தங்கச்சி மாதிரி அம்மா" எண்டா. அம்மா அந்த இடத்திலேயே உருகிட்டா. அடுத்த கிழமை அம்மாட காப்பு ரெண்டும் அடகுக்குப் போச்சு.

"எனக்குப் படிக்கேக்க நிண்டதைத் தவிர வேற அனுபவம் இல்லையே அக்கா?" காசு கட்ட முதலே கேட்டனான். "அதொண்டும் பிரச்சினையில்ல, நாங்க பாத்துக்கொள்ளுறம்."

எப்பிடிப் பாத்தவ தெரியுமோ? நான் கால் வைக்காத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் வேலை செய்ததா ஒரு கடிதம். அதில என்ட பேரே பிழை. டேட்டாஃப்ளோ எண்டு ஒரு கொம்பனிதான் சவூதிக்காக எங்கட சான்றிதழ், அனுபவக் கடிதமெல்லாம் சரிபாக்கிறது; அவை கடிதம் குடுத்த இடத்திட்ட நேரா கேட்டுத்தான் உறுதிப்படுத்துவினம். கள்ளக் கடிதம் எண்டு பிடிபட்டா அந்த அறிக்கை என்ட பேரிலதான் நிக்கும், ஏஜென்சிட பேரில இல்ல. மாட்டன் எண்டன். அண்டையோட நான் தங்கச்சி இல்ல, "மிஸ்".

பிறகென்ன, சேர் கொழும்பில, சவூதியில லீவு, மெசேஜ் போடுங்கோ. கடைசியா, "நீங்கதான் டொக்கியுமென்ட் தராமக் குழப்பினது, காசு திரும்பாது." 385,000 ரூபாவுக்குத் தந்த பற்றுச்சீட்டில "ஆலோசனைக் கட்டணம்" எண்டு கிடக்கு! ரெண்டு பிளேன்டீக்கும் ஒரு கள்ளக் கடிதத்துக்கும். நேத்துப் போனா, வாசல்ல நிண்ட பெடியன் அக்கா லஞ்சுக்குப் போயிட்டாவாம் எண்டான். நேரம் காலமை ஒன்பதரை.

விளக்கமா எழுதத்தான் நினைச்சன், ஏலாமக் கிடக்கு. ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கோ, அந்த வேலைக்கு அனுமதி இருக்கோ எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 எண்ட நம்பரில அடிச்சுக் கேளுங்கோ. டேட்டாஃப்ளோ காசும், ப்ரோமெட்ரிக் எண்ட கொம்பியூட்டர் சோதினைக் காசும் நீங்களே ஒன்லைன்ல கட்டலாம். தனி ஆள்ட கணக்குக்குக் காசு போடாதேங்கோ, என்ட 385,000 அப்பிடித்தான் போனது. சம்பளம் குறைஞ்சாலும் முதல் இஞ்ச ஒரு வார்டில நிண்டு அனுபவம் எடுங்கோ.

பணியகத்துக்கு முறைப்பாடு எழுதிட்டன். அந்த மாடியில காசு குடுத்த வேற ஆக்கள் இருந்தா உள்பெட்டிக்கு வாங்கோ, பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு. பொலிசுக்குச் சேர்ந்து போவம்.