ஞாபக மறதி விளக்கும் என் மிளகாய் நாற்றும்: இரண்டு வருட அனுபவம்

நேற்று தம்பி போன் பண்ணினான். "அக்கா, நீ நாத்துக்கு வச்சிருக்கியே நாலு தலை விளக்கு, அது பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?"

சட்டென்று "வேண்டாம்டா" என்றேன். ஏன் என்று கேட்டான். அரை மணி நேரம் ஆனது சொல்லி முடிக்க.

எங்கள் வீடு சென்னையில், இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அபார்ட்மென்ட் சுவர். மொட்டை மாடியில் தொட்டிக்கு இடம் உண்டு, ஆனால் அங்கே விதை போட்டால் அணில் கிளறிவிடும். அதனால் முதல் ஒரு மாதம் நாற்றுக்கு வாசம் என் சாப்பாட்டு மேஜை ஓரம்தான், வெயிலுக்குப் பதில் இந்த விளக்கு.

விளக்கைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் 80 வாட் என்று போட்டிருப்பது மட்டும் சுத்தப் பொய். கூடவே வந்த சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். அதற்கு மேல் எங்கிருந்து வரும்? ஆனால் அந்த 10 வாட்டே 24 நாற்றுக் கப்புக்குப் போதுகிறது, விளக்கை இலைக்கு மேலே ஒரு சாணுக்குள் இறக்கி வைத்தால். முழங்கை உயரத்தில் வைத்தபோது தக்காளி நாற்று வெளிறி, ஒல்லியாக நெடுநெடுவென்று போனது. தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதம் நாலு யூனிட்டைத் தாண்டாது. சிவப்பும் நீலமும் கலந்து எரிகிற வசதி ஒன்று இருக்கிறது. வீடு கல்யாண மண்டப மேடை மாதிரி ஆகிவிடும், இலை பச்சையா மஞ்சளா என்றே தெரியாது. வெள்ளை ஒளியோடு நிறுத்திக்கொண்டேன்.

பிரச்சினை டைமரில். காலை ஆறுக்கு 12 மணி நேரப் பொத்தானை அமுக்கினால் தினமும் ஆறுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும். கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறந்து போகும். திரும்ப எரியவும் எரியாது, நாம் போய் அமுக்கும்வரை இருட்டுதான். நம் ஊரில் விற்கிற சாமானுக்கு கரண்ட் போகும் என்று யோசிக்காத புத்திசாலி யார்?

போன வருடம் ஆடிப்பட்டத்துக்காக ஆனி நடுவில் பெரியகுளம் 1 ரகத் தக்காளியும் சம்பா மிளகாயும் போட்டிருந்தேன். ஊரில் அம்மன் கோயில் கொடை, எட்டு நாள் பயணம். எதிர்வீட்டு அம்மாவிடம் சாவி கொடுத்து, "தினம் கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் கப்பெல்லாம் சொதசொத. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூலாக இளைத்துப் பழுப்பாகி, நாற்று வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. நாற்றழுகல். 24 கப்பில் தேறியது ஐந்து. "ஒரு நாள்கூட விடலையேம்மா, தினம் ஊத்தினேனே" என்று அந்த அம்மா கண்கலங்கினார். விளக்கு? "அணைஞ்சிருந்துச்சு. ஊருக்குப் போறதால கரண்ட் மிச்சம் பண்றீங்கன்னு நினைச்சேன்."

அவர் மேல் என்ன தப்பு? வெளிச்சம் இருந்தால் நாற்று தண்ணீரை இழுக்கும். இருட்டில் கிடக்கிற நாற்றுக்குத் தினம் ஊற்றினால் தண்ணீர் அப்படியே தேங்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விளக்கு அணைந்தது பாதிக் கொலை, மீதியை தம்ளர் முடித்தது.

அதற்குப் பிறகு மேலே ஊற்றுவதை விட்டுவிட்டேன். அடியில் ஓட்டை போட்ட கப்புகளைத் தட்டில் வைத்து, தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். இருபது நிமிடத்தில் கப்பில் இருக்கிற கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) உறிஞ்சி மேல்பரப்பு கறுக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைக் கப்பைத் தூக்கிப் பார்த்தால் கை சொல்லும். கண்ணை நம்பாதீர்கள், கோகோபீட் மேலே காய்ந்த நிறம் காட்டும், உள்ளே விரலை விட்டால் ஈரம் பிசுபிசுக்கும்.

டைமருக்கு மாற்றாக, பிளக்கில் செருகுகிற பல்சக்கர டைமர் ஒன்று வாங்கினேன். அதுவும் வீண். அது நேரத்துக்குக் கரண்ட் கொடுக்கும். இந்த விளக்கு மகாராணி யாராவது பொத்தானைத் தொட்டால்தான் கண் திறப்பாள்.

விடிவு வந்தது விபத்தில்தான். இந்த மாசி மாதம் விளக்கு ஒயரில் இருக்கிற பொத்தான் டப்பாவில் தண்ணீர் தெறித்துச் செத்துப் போனது. தெருமுனை மிக்சி ரிப்பேர்க்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குக்கா?" என்று கேட்டபடியே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கத்து ஒயரையும் நேராகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுத்தார். நூறு ரூபாய். ஒளியைக் கூட்டிக் குறைக்கிற வசதி போயிற்று, நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது பல்சக்கர டைமர் சொன்னபடி கேட்கிறது. கரண்ட் ஒரு மணி நேரம் போனால் சக்கரமும் ஒரு மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை திருகிச் சரிபண்ணிக்கொள்கிறேன்.

காசு கொடுத்து வாங்கிய வசதியை, காசு கொடுத்து வெட்டி எறிந்த பிறகுதான் சாமான் உருப்பட்டது. இதை இன்னொருத்தருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை. தம்பியிடமும் அதையே சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்த கையோடு நானே ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். கத்தரிக்கும் இடம் வேண்டியிருக்கிறது, பாதி விலை வேறு. வந்ததும் பெட்டியோடு மிக்சிக் கடைக்குத்தான்.