வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்: பழைய மைஃபோர்டா, புதிய சீனச் சிறு லேத்தா?

செம்பனை ஆலைப் பட்டறையில் 31 ஆண்டுகள் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றபின், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) போட வேண்டும் என்று முடிவு செய்தபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஈப்போவில் பழைய இயந்திரங்கள் விற்கும் கடையில் நான் பார்த்து வைத்திருந்த மைஃபோர்டு எம்எல்7 என்ற பழைய ஆங்கில லேத். மற்றொன்று, இணையத்தில் விற்கப்படும், ஏழு அங்குல விட்டம் வரை சுழற்றக்கூடிய சீனச் சிறு லேத். நான் மைஃபோர்டை வாங்கினேன். ஆலையில் என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் அதே ஆண்டில் சீன லேத்தை வாங்கினார். அவருடைய தாமான் (குடியிருப்பு) என் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவுதான் என்பதால், நான்கு ஆண்டுகளாக இரண்டையும் கையால் தொட்டுப் பழகியிருக்கிறேன். மூன்றாவதாக, ஆலையில் ஓட்டியதைப் போன்ற பெரிய லேத்தையும் சிலர் பரிந்துரைத்தனர். அரை டன்னுக்கு மேல் எடையும் மூன்று ஃபேஸ் மோட்டாரும் உள்ள இயந்திரத்தை, ஒரே ஃபேஸ் 230 வோல்ட் வரும் வரிசை வீட்டில் வைப்பது வீண் சுமை என்று அதை விட்டுவிட்டேன்.

வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடுகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. சீன லேத் ஏறக்குறைய 40 கிலோதான். இருவர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். குமிழைத் திருகினால் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை போகும். ஸ்பிண்டில் (சுழலும் அச்சு) துளையில் 20 மில்லிமீட்டர்க் கம்பி நுழையும். 1946இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் செய்யத் தொடங்கிய எம்எல்7, சாதாரணக் கப்பியோடு 640 சுற்றைத் தாண்டாது. அதன் துளை 15 மில்லிமீட்டர்தான். வேகத்தை மாற்ற வேண்டுமானால் பட்டையைக் கையால் நகர்த்த வேண்டும். கடிகாரப் பாகம், சிறு பித்தளை ஆணி போன்ற நுண்ணிய வேலை செய்பவருக்குச் சீன லேத்தின் வேகம் உண்மையாகவே தேவைப்படும்.

மரை (திருகுப் புரி) வெட்டுவதிலும் சீன லேத்துக்கே வசதி அதிகம். இன்று புல்வெட்டி முதல் மோட்டார் சைக்கிள் வரை பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. எம்எல்7இன் லீட் ஸ்குரூவுக்கு (வெட்டும் கருவியை நகர்த்தும் நீள் திருகு) அங்குலத்துக்கு எட்டு மரை என்பதால், மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கொண்ட கியர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்; ஓர் அங்குலத்தின் 25.4 மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கினால் வரும் எண் அது. ஆலையில் விட்வொர்த் (பழைய ஆங்கில அங்குல மரை) போல்ட்டுகளோடு வளர்ந்த எனக்கு அங்குலக் கணக்கு கைவந்தது. புதிதாகப் பழகுபவருக்கு அது தொல்லைதான்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் நான் பழையதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், பழுதானால் அதை என் கையாலேயே சரிசெய்ய முடியுமா என்ற ஒரு கேள்வி. பட்டறைக்காரனுக்கு ஓய்வுக் காலத்தில் அதைவிடப் பெரிய கேள்வி இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில், இடியும் மழையும் பெய்து ஓய்ந்த ஒரு மாலைக்கு மறுநாள் தம்பி அழைத்தார். "அண்ணே, வெளக்கு எரியுது, சக் மட்டும் சுத்த மாட்டேங்குது" என்றார். சக் என்பது கம்பியைக் கவ்விச் சுழலும் பிடி. போய் லேத்தின் பின்புறப் பெட்டியைத் திறந்தோம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் உள்ளங்கை அகல மின்பலகையின் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டைகள்; கம்பி இணைப்புகளின் மேல் எறும்புச் சாரை; ஒரு டிரான்சிஸ்டரின் அடியில் மிளகளவு கருகல். இடியா, பல்லியா, எறும்பா என்று இன்றுவரை எங்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர் அந்த டிரான்சிஸ்டரை மாற்றிக் கொடுத்தார். சில நிமிடங்களில் அதுவும் கருகியது. புதிய பலகையை வரவழைக்க ஐந்து வாரம் ஆயிற்று. வந்ததோ மாற்றியமைக்கப்பட்ட வடிவம். செருகிகள் பொருந்தவில்லை, கம்பி நிறங்களும் ஒத்துவரவில்லை. 30 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு பிட்டர்கள், கையில் எல்லாக் கருவிகளும் இருந்தும், அந்த ஐந்து வாரமும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தோம்.

அதே ஆண்டில் என் இயந்திரத்திலும் குறை தெரிந்தது. கம்பியை வெட்டிப் பிரிக்கும்போது அதிர்வு எழுந்து, வெட்டு முகத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தது. சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, மேலே நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, கம்பியைக் கையால் தூக்கிப் பார்த்தேன். முள் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அசைந்தது. எம்எல்7இன் ஸ்பிண்டில், இரண்டு பாதிகளாகப் பிளந்த வெள்ளை உலோக பேரிங்கில் சுழல்வது. மூடிக்கு அடியில், மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ஷிம் இருக்கும். பேரிங் தேயத் தேய, சவர பிளேடால் ஓர் அடுக்கை உரித்துவிட்டு மூடியை மீண்டும் இறுக்க வேண்டும். காலையில் தொடங்கி மதியச் சோற்றுக்கு முன் முடித்துவிட்டேன். அசைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. செலவு ஒரு பிளேடு. அந்த பேரிங்குக்குச் சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய எண்ணெயும் 32ஆம் எண் ஹைட்ராலிக் எண்ணெய்தான்; அது இங்கே கடையில் கிடைக்கிறது. பழைய மைஃபோர்டு நிறுவனம் 2011இல் மூடப்பட்டாலும், அந்தப் பெயரை வாங்கியவர்கள் உதிரிப்பாகங்களை விற்று வருகின்றனர். எனக்கு இதுவரை பட்டை ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஆயினும் பழைய லேத் எல்லாமே நல்ல லேத் அல்ல. வாங்கும் முன் பெட்டின் (கருவி நகர்ந்து செல்லும் நீண்ட அடித்தளம்) தேய்மானத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேலை பெரும்பாலும் சக்கின் அருகில் நடப்பதால் பெட் அங்கேதான் தேயும். கருவியைத் தாங்கி நகரும் சேடலைச் சக்கின் அருகே நிறுத்தி, அதன் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் தகடு) சேடல் ஆட்டமின்றி நகரும் அளவுக்கு இறுக்கிவிட்டு, மறுமுனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். தேயாத அந்தப் பகுதியில் அது இறுகி நின்றுவிட்டால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். எனக்குக் கிடைத்தது ஓரளவு நல்ல நிலையில் இருந்தது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்கவில்லை.

துருவைப் பற்றியும் ஒரு சொல். நம் காற்றின் ஈரம் பழையது, புதியது என்று பார்க்காது. விடியற்காலையில் குளிர்ந்திருக்கும் இரும்பின் மேல், வெயில் ஏறும்போது வரும் ஈரக்காற்று படிந்து வியர்க்கும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். வேலை முடிந்ததும் உலோகச் சுருளைக் கூட்டி, விரல் பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே பருத்தித் துணி போர்த்தினாலே போதும். ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கலனை மட்டும் அதே கொட்டகையில் வைக்காதீர்கள். தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டில், நன்றாக மூடாத ஒரு கலனின் ஆவியால் ஒரே வாரத்தில் வெர்னியர் அளவுகோல் முழுவதும் செம்மண் நிறமானதைக் கண்டேன்.

விலையில் எனக்கு 5,200 வெள்ளி (ரிங்கிட்), தம்பிக்கு 3,600 வெள்ளி. அடுக்குமாடியில் இருப்பவர்கள், சுமை தூக்க ஆள் இல்லாதவர்கள், பழையதைப் பார்த்து வாங்கத் துணை இல்லாதவர்கள் சீன லேத்தையே வாங்கலாம். வேலையில் அது குறை வைப்பதில்லை. பிரஷ் இல்லாத மோட்டாரோடு இப்போது வரும் வகையை இரண்டு நாள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஆகவே பலகையைப் பற்றிய என் குறையை அதன் மேல் அப்படியே ஏற்ற விரும்பவில்லை.

சீன லேத்தை வாங்குபவர்கள் அன்றைக்கே இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடும் பழக்கம் ஒன்று. பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பி வலை போடுவது மற்றொன்று. தம்பி மூன்றாவதாக ஒன்றும் செய்திருக்கிறார்: அதே வடிவத்தில் இன்னொரு பலகையை வாங்கி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.