பல் செலவுக்கு எஃப்எஸ்ஏவா, எச்எஸ்ஏவா?

அமெரிக்காவில் வேலை வழியாகக் கிடைக்கும் பல் காப்பீடு பெரும்பாலும் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டாலரோடு நின்றுவிடும். ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து கிரவுன் போட்டாலே அது தீர்ந்துபோகலாம். மிச்சம் கைக்காசு. அதை வரி பிடிப்பதற்கு முன்பே ஒதுக்கிவைக்கத்தான் இந்த இரண்டு கணக்குகளும்: எஃப்எஸ்ஏ (நிறுவனம் வழியாக வரும் ஃப்ளெக்சிபிள் ஸ்பெண்டிங் அக்கவுன்ட், அந்தந்த ஆண்டின் செலவுக்கு), எச்எஸ்ஏ (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட், உங்கள் பெயரிலேயே இருக்கும் மருத்துவச் சேமிப்பு). 22 சதவீத வரிப் படியில் இருப்பவர் சம்பளப் பிடித்தம் வழியாகப் போட்டால், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான 7.65 சதவீதமும் சேர்ந்து, 3,000 டாலர் பில்லில் ஏறக்குறைய 890 டாலர் மிச்சம். இதில் இரண்டும் சமம். கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் மட்டும் எச்எஸ்ஏவுக்கு மாநில வரிச் சலுகை கிடையாது.

எஃப்எஸ்ஏவின் பலம் முதல் நாளிலேயே தெரியும். 2026க்கு உச்சவரம்பு 3,400 டாலர். பிடித்தம் மாதாமாதம் நடந்தாலும், முழுத் தொகையையும் ஜனவரியிலேயே எடுக்கலாம். இம்பிளான்ட் (தாடையில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டு மார்ச்சில் வேலையை விட்டாலும், பிடிக்காமல் விட்ட பாக்கியை நிறுவனம் திருப்பிக் கேட்க முடியாது. மறுபக்கமும் உண்டு. செலவழிக்காமல் வேலையை விட்டால், அதற்குப் பிறகு செய்யும் சிகிச்சைக்கு, கோப்ரா (வேலையை விட்ட பிறகும் நிறுவனத் திட்டத்தைச் சொந்தச் செலவில் தொடரும் வசதி) எடுத்தாலொழிய, அந்தப் பணம் உதவாது. ஆண்டு முடிந்தாலும் கதை இதேதான்: 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ, இரண்டரை மாத அவகாசம் தரவோ நிறுவனம் அனுமதிக்கலாம். இரண்டும் சேர்ந்து வராது, சில இடங்களில் இரண்டுமே இல்லை.

பலர் சறுக்குவது தேதியில். பணம் கட்டிய நாளை எஃப்எஸ்ஏ பார்ப்பதில்லை, சிகிச்சை நடந்த நாளைத்தான் பார்க்கும். ஜனவரி கிரவுனுக்கு டிசம்பரில் முன்பணம் கட்டிப் பழைய ஆண்டின் மிச்சத்தைத் தீர்க்கலாம் என்று நினைத்தால் கிளெய்ம் திரும்பி வரும். பற்களை நேராக்கும் பிரேசஸ் மட்டும் விலக்கு, அதற்குக் கட்டிய முன்பணத்தைக் கேட்டுப் பெறத் திட்டங்கள் இடம்தரலாம். இந்தத் தேதி விதியையே சாதகமாக்கலாம்: இம்பிளான்ட் திருகை நவம்பரிலும் அதன்மேல் கிரவுனைப் பிப்ரவரியிலும் வைத்தால், இரண்டு ஆண்டுகளின் எஃப்எஸ்ஏவும், காப்பீட்டு வரம்பும்கூட, இரண்டு முறை கிடைக்கும். எலும்பு ஆறவே சில மாதம் ஆகும் என்பதால் பல் டாக்டரும் பொதுவாக மறுப்பதில்லை.

எச்எஸ்ஏவில் போட்ட அளவுதான் எடுக்கலாம். ஜனவரியில் கணக்கு காலியாக இருந்தால் அப்போதைக்குக் கைக்காசுதான். ஆனால் கணக்கு திறந்த பிறகு நடந்த சிகிச்சை என்றால் ரசீதை வைத்திருந்து பல ஆண்டு கழித்தும் எடுத்துக்கொள்ளலாம். பணம் காலாவதி ஆகாது, வேலை மாறினாலும் கூடவே வரும். 2026 வரம்பு தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750 டாலர். நிபந்தனை, டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்களே கட்டும் தொகை) குறைந்தது 1,700 டாலர் (குடும்பத்துக்கு 3,400) உள்ள தகுதியான மருத்துவத் திட்டத்தில் இருக்க வேண்டும். பல்லுக்காக மட்டும் அப்படியொரு திட்டத்துக்கு மாறுவது வீண்வேலை.

இரண்டையும் சேர்த்து வைக்கவும் முடியாது. கணவனுக்கோ மனைவிக்கோ பொது எஃப்எஸ்ஏ இருந்தாலே மற்றவருக்கு எச்எஸ்ஏ தகுதி போய்விடும். தம்பதிகள் இதைக் கவனிக்காமல் விடுவது சகஜம். எச்எஸ்ஏ உள்ளவர் பல், கண் செலவுக்கு மட்டுமான லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏவைச் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவனம் தந்தால், பெரிய பல் வேலை காத்திருப்பவருக்கு இந்த ஜோடியை மிஞ்ச எதுவுமில்லை: பல் பில் அதில் போகும், எச்எஸ்ஏ வளரும்.

பல் வெளுப்பு, டூத்பேஸ்ட், பிரஷ் எதற்கும் இரண்டு கணக்குகளின் பணமும் செல்லாது. பல் காப்பீட்டு பிரீமியமும் பொதுவாக அப்படியே. 65 வயதுக்கு முன் எச்எஸ்ஏவிலிருந்து தகாத செலவுக்கு எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

ரசீதில் நோயாளி பெயர், சிகிச்சை தேதி, என்ன சிகிச்சை, காப்பீடு போக உங்கள் பங்கு எவ்வளவு என்பது இருக்க வேண்டும். கார்டு தேய்த்த சீட்டு போதாது. சென்னையில் ரூட் கெனால் செய்துகொண்டு வந்தாலும் தகுதி உண்டு, ரசீதில் இதே விவரங்கள் வேண்டும்.

எச்எஸ்ஏ தொகையை ஆண்டின் நடுவிலும் மாற்றலாம். எஃப்எஸ்ஏவைத் திருமணம், குழந்தைப் பிறப்பு போன்ற காரணமின்றி மாற்ற முடியாது. எனவே அக்டோபரிலேயே பல் டாக்டரிடம் எழுத்தில் சிகிச்சைத் திட்டம் வாங்கி, காப்பீட்டிடம் முன்மதிப்பீடு கேட்டு, உங்கள் பங்காக வரும் தொகையை மட்டும் அடுத்த ஆண்டுக்கான எஃப்எஸ்ஏ படிவத்தில் எழுதுங்கள்.