எஸ்.பி.எம். 12: மூளைப் படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர நம்பலாமா?

கோலாலம்பூரில் மூளை ஆய்வைத் தொடங்கும் முதுகலை மாணவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது எஸ்.பி.எம். 12. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவாகி 2014இல் வெளிவந்த, மூளைப் படங்களை அலசும் இலவச மென்பொருள். அது ஓடுவதற்கான கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப்பின் உரிமம் வாங்க ரிங்கிட் இல்லையென்றால், ரன்டைமோடு ஓடும் தனிப் பதிப்பு இருக்கிறது.

படம் சரியில்லை என்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. நோயாளிக்காக 5 மி.மீ. தடிமனில் எடுத்த டி1 படத்தை (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) எம்.என்.ஐ. வெளிக்கு, அதாவது எல்லாரையும் ஒப்பிட உதவும் மாதிரி மூளையின் அளவுக்கும் இடத்துக்கும், இழுத்தால் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) மடிப்புகள் பொருந்தா. எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 1 மி.மீ. உள்ள சிறு கனசதுரங்களால் ஆன முப்பரிமாண டி1 வேண்டும். ஸ்கேனர் தரும் டைகாம் கோப்பு வடிவிலிருந்து ஆய்வு மென்பொருள்கள் படிக்கும் நிஃப்டி வடிவுக்கு மாற்றியதும் ஜிசிப் சுருக்கத்தையும் விரித்துவிடுங்கள்; சுருக்கிய கோப்பை இது நேரடியாக ஏற்பதில்லை.

பாதிக் குளறுபடி தொடக்கப் புள்ளியில்தான். டிஸ்ப்ளேயில் படத்தைத் திறந்து, ஆன்டீரியர் கமிஷர் (மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சிறு நரம்புக் கற்றை) மேல் குறியை வைத்து, அதையே பூச்சியமாக்குங்கள். அது சில சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலோ தலை நன்றாகச் சாய்ந்திருந்தாலோ கணக்கு தவறான இடத்தில் போய் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து.

வரிசை இது. எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களை (மூளையின் செயல்பாட்டைத் தொடர்ச்சியாக எடுத்தவை) ரீஅலைன் செய்து, அதாவது தலை அசைவைச் சரிசெய்து, சராசரிப் படம் எடுங்கள். ஒரே ஆளின் இரு படங்களைப் பொருத்தும் கோரெஜிஸ்டரில் ரெஃபரன்ஸ் (அசையாத படம்) அந்தச் சராசரி, சோர்ஸ் (நகரும் படம்) டி1. பிறகு டி1ஐ செக்மென்ட் செய்து (திசு வகைகளாகப் பிரித்து), கிடைக்கும் உருமாற்றக் கோப்பை, படங்களை மாதிரி மூளைக்கு மாற்றி எழுதும் நார்மலைஸ் ரைட்டில் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களுக்குக் கொடுங்கள். ரெஃபரன்ஸையும் சோர்ஸையும் மாற்றிப் போட்டு, 'அதர் இமேஜஸ்' பெட்டியைக் காலியாக விட்டால் சராசரிப் படம் மட்டும் நகரும். மற்ற நூற்றுக்கணக்கான படங்கள் பழைய இடத்திலேயே கிடக்கும். இன்னொன்று: கோரெஜிஸ்டர் எஸ்டிமேட் புதுக் கோப்பு எழுதாமல் சோர்ஸின் தலைப்புத் தகவலையே திருத்திவிடுகிறது. மூலத்தை நகலெடுத்து வைக்காதவர்களுக்குத் திரும்பும் வழி இல்லை. இந்த வடிவமைப்பு எங்களுக்குப் பிடிக்கவே இல்லை.

செக்மென்ட்டில் அஃபைன் வரம்புக்கு (தலையின் அளவையும் சாய்வையும் முதலில் எவ்வளவு மாற்றலாம் என்ற கட்டுப்பாடு) ஐரோப்பிய மூளை, கிழக்காசிய மூளை போன்ற தேர்வுகள் உண்டு. நம் ஊர் ஆய்வில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் இருப்பார்கள். இனத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடவே கூடாது. அப்படிச் செய்தால் குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு மூளையுடையதா, மென்பொருளில் வைத்த தேர்வுடையதா என்று பிரிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்து எல்லாருக்கும் அதையே வையுங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள்.

மாற்றி எழுதும் படத்தின் வோக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அளவு இயல்பாக 2 மி.மீ. இருக்கும், எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு அது போதும். எவ்வளவு பகுதியை எழுத வேண்டும் என்று சொல்லும் இயல்பான எல்லைப் பெட்டி கீழே -70 மி.மீ.யில் முடிவதால் சிறுமூளையின் அடிப்பகுதி வெட்டுப்படலாம். அந்தப் பகுதி தேவைப்பட்டால் கீழே இறக்குங்கள். பகுதிப் பெயர்க் குறியீடுகள் கொண்ட படத்தை மாற்றும்போது இன்டர்போலேஷனை (புதிய புள்ளிகளின் மதிப்பைக் கணக்கிடும் முறை) நியரஸ்ட் நெய்பர் (அருகிலுள்ள புள்ளியின் மதிப்பை அப்படியே எடுப்பது) ஆக்காவிட்டால் 3க்கும் 7க்கும் நடுவே இல்லாத எண்கள் முளைக்கும்.

முடிவைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். படங்களை அருகருகே காட்டும் செக் ரெஜ்ஜில் மாதிரி மூளையை அருகில் வைத்து வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் உள்ள திரவ அறை) விளிம்பு, கார்ப்பஸ் கலோசம் (இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய நரம்புக் கற்றை), சிறுமூளையின் மேல்விளிம்பு மூன்றையும் ஒவ்வொருவருக்கும் ஒப்பிடுங்கள். வெளி விளிம்பு மட்டும் பொருந்துவது போதாது.

பக்கவாத நோயாளிகளுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பெரிய புண்ணை ஆரோக்கியமான திசுவாக நிரப்பப் பார்த்து, சுற்றியுள்ள பகுதியையும் இழுத்துவிடும். அவர்களுக்கு ஆன்ட்ஸ் என்ற வேறு மென்பொருள் நல்லது. நேரம் கூடுதலாகப் பிடித்தாலும், புண்ணைக் கணக்கிலிருந்து விலக்கும் முகமூடியை நேரடியாகக் கொடுக்கலாம். அதில் 1 என்பது கணக்கில் சேரும் பகுதி, புண் 0. தலைகீழாகக் கொடுத்தால் புண்ணை மட்டுமே பார்த்துப் பொருத்தும்.